மேசைமேல் ஒரு வருணாசிரமம்

ஓர் ஆட்டத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று நம் வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. சதுரங்கத்தைப் பற்றியோ பந்தாட்டத்தைப் பற்றியோ நாம் ஈண்டு எழுதப் புகவில்லை. கதை சொல்லுதலையே ஆட்டமாகக் கொண்ட ஒன்றைப் பற்றி எழுதுகின்றோம். கதை உள்ள இடத்தில் நல்லவன் யார், தீயவன் யார் என்னும் தீர்ப்பும் உண்டு. தீர்ப்பு உள்ள இடத்தில் அதனை ஆராய்ந்து பார்க்கும் கடமையும் நமக்கு உண்டு.

1974-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் அச்சேறி வெளிவந்தது. அதனை இயற்றியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். ஆடும் முறை எளிது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதை நடத்துவோர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "கோட்டை வாயிலில் நிற்கின்றீர்கள், காவலன் உறங்குகின்றான், யாது செய்வீர்?" என்று கதை நடத்துவோர் கேட்பார். அவரவர் தம் பாத்திரத்தின் வாயால் விடை கூறுவர். செயல் பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகங்கொண்ட பகடை ஒன்று முடிவு செய்யும். இதில் வென்றவர் தோற்றவர் என்று எவரும் இலர். எல்லாருமாகக் கூடி ஒரு கதையை உண்டாக்கி எழுகின்றனர். கூத்தும் தாயமும் கூடிப் பெற்ற பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் நம் இளைஞரும் இன்று இதனை ஆடுகின்றனர். ஆதலின் அது நமக்கு அயலார் காரியம் அன்று.

பெயரில் உள்ள தீர்ப்பு

இவ்வாட்டத்தில் வீரர்களை எதிர்த்து நிற்கும் உயிர்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் பழமை வாய்ந்தோர், ஆங்கிலேயர் 'ஜயண்ட்' என்று வழங்கும் மாபெரும் உடல் படைத்த மாந்தர். இவர்களைத் தமிழில் என்னவென்று அழைப்பது? 'அரக்கர்' என்னும் சொல் நாவில் முந்திக்கொண்டு வருகின்றது. நாம் அதனை ஆளப்போவதில்லை. அரக்கன் என்ற அளவிலேயே விசாரணையின்றித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. அவனைக் கொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. அச்சொல்லை யார் யார்மீது ஏவினர் என்னும் கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. அரக்கன் எனப்பட்டவன் பக்கம் நின்று புலவர் குழந்தை பாடிய 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்தது. 1948-இல் சென்னை அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. 1971-இலேதான் அத்தடை நீங்கிற்று. ஒரு சொல்லின் பொருளை மாற்றிப் பாடியதற்கு அத்தனை விலை!

இவ்வாட்டத்துக்கும் அச்சொல்லுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1977-இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் கையேட்டில் 'ராட்சசன்' என்பது பெயர் மாறாமலே இடம்பெற்றுள்ளது. அங்கு அவன் புலித்தலையன், மாயத் தோற்றங் காட்டி மயக்கி மனிதரைத் தின்பவன், பிறவித் தீயோன். நம் நாட்டுக் கதையின் தீர்ப்பு கடல் கடந்து சென்று, ஆட்டத்தின் சட்டமாகவே அமர்ந்துவிட்டது. இஃது இருக்க, நம் ஆராய்ச்சிக்குரியோரை நாம் 'பேருருவர்' என்றே குறிப்போம்.

ஆறு குலங்கள்

1974-இன் முதல் நூல்களில் பேருருவர் ஐந்து குலத்தினர்: குன்றினர், கல்லினர், பனியினர், தீயினர், முகிலினர். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'கிரேஹாக்' என்னும் இணைப்பு நூல் புயலினர் என்னும் ஆறாம் குலத்தைச் சேர்த்தது. இவ்வறுவரையும் 1977-ஆம் ஆண்டுக் கையேட்டில் பக்கம் பக்கமாக நோக்கினால் ஓர் ஒழுங்கு தென்படும். குன்றில் வாழ்வோன் பத்தரை அடி உயரம். புயலில் வாழ்வோன் 21 அடி. குன்றினர், பனியினர், தீயினர் ஆகிய மூவரும் தீயோர். கல்லினர் நன்மை தீமை இரண்டிலும் சேராதோர். முகிலினருட் பாதிப்பேர் நல்லோர், பாதிப்பேர் தீயோர். புயலினர் நல்லோர். 2014-இல் திருத்தி வெளியிடப்பட்ட பதிப்பில் அறிவுக்கும் எண் உண்டு: சாதாரண மனிதனுக்கு 10 என்றால், குன்றினனுக்கு 5, புயலினனுக்கு 16.

வாசகர்கள் இவ்வெண்களைச் சற்று நேரம் உற்று நோக்க வேண்டும். மண்ணை ஒட்டி வாழ்பவன் குள்ளன், மூடன், தீயன். வானத்தில் வாழ்பவன் நெடியன், அறிஞன், நல்லன். உயரமும் அறிவும் ஒழுக்கமும் ஏறக்குறைய ஒரே ஏணியில் ஏறிச் செல்கின்றன. அவ்வேணியில் எந்தப் படியில் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது யாது? தாயின் வயிறு! குன்றினர் வீட்டில் பிறந்த குழந்தை கற்று உயர்ந்ததாகவோ, முகிலினர் மாளிகையில் பிறந்தவன் மடையனாகிக் கெட்டதாகவோ அட்டவணையில் இடமில்லை. இவ்வேற்பாட்டை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

1978-ஆம் ஆண்டுப் படையெடுப்பு

பேருருவர்க்கு இவ்வாட்டத்தில் அளிக்கப்பட்ட பணி யாது என்பதை அறிய, கைகாக்ஸ் 1978-இல் எழுதி வெளியிட்ட மூன்று கதைகளை நோக்குவது நலம். முதற்கதை குன்றினர் தலைவனின் கூடத்தையும், இரண்டாவது பனியினர் தலைவனின் பனிப் பிளவையும், மூன்றாவது தீயினர் அரசனின் மண்டபத்தையும் பற்றியவை. பின்னர் 1981-இல் மூன்றும் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. ஆட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் கதைகள் இவை.

ஆட்டம் என்ற அளவில் இக்கதைகளின் சிறப்பை மறைப்பது நேர்மையாகாது. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் கணக்கிற் சொன்னால், சாதாரண மனிதனின் உயிர்வலு 4, குன்றினனுக்கு 105, புயலினனுக்கு 230. இத்தகையோர் கூட்டமாக விருந்துண்ணும் மண்டபத்தில் வாளை உருவிக்கொண்டு நேரே புகுவோன் மாள்வான். ஆகவே ஆட்டக்காரர் ஒளிந்து செல்லவும், வேவு பார்க்கவும், வேடம் புனையவும், ஒருவரையொருவர் நம்பவும் கற்றுக்கொள்கின்றனர். தம்மினும் பெரியதை எதிர்கொள்ளும் சிறியோர்க்கு உடல் வலிமை போதாது, கூட்டுறவும் கூர்மதியும் வேண்டும் என்பதே பேருருவர் இவ்வாட்டத்துக்குத் தந்த முதற் பாடம். அதனை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

நிற்க. இதே கதைகளில் நம் நெஞ்சை உறுத்தும் செய்திகளும் உள. வீரர்கள் தாமே விரும்பிப் புறப்பட்டவர் அல்லர். பேருருவரைத் தண்டித்து வாருங்கள், தவறினால் உங்கள் தலை உருளும் என்று பிரபுக்கள் ஏவியதால் புறப்பட்டவர். கொள்ளையிட்ட பொருளை அவர்களே வைத்துக்கொள்ளலாம். உள்ளே சென்றால், அக்கூடத்தில் போர்வீரர் மட்டும் இலர். பெண்டிரும் உளர், பிள்ளைகளும் உளர். அப்பிள்ளைகளை என் செய்வது? நூல் அவர்களது சண்டை வலுவைக் கணக்கிட்டுத் தருகின்றதே ஒழிய, வீரரின் மனச்சான்றுக்கு வழி ஏதும் சொல்லவில்லை.

அக்கூடத்தின் நிலவறையில் இன்னொரு காட்சி. 'ஆர்க்' என்னும் இனத்து அடிமைகள் தம் எசமானர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு போராடி நிற்கின்றனர். கதை முழுவதிலும் நம் உள்ளம் சென்று பற்றுவது இவர்களைத்தான். இவர்கள் தீயோர் என்று கையேடு சொல்லுகின்றது. ஆயினும் விலங்கை உடைத்தெறிந்தோர் அங்கு இவர்களே. இவர்களுடன் கைகோப்பதா, இவர்களையும் வெட்டி வீழ்த்துவதா என்பதை மேசையில் அமர்ந்தோர் முடிவு செய்ய வேண்டும். ஒரு குழுவின் தரத்தை அளக்க இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

மூன்றாம் கதையின் இறுதியில் மற்றோர் உண்மை வெளிப்படுகின்றது. மூன்று குலத்தாரையும் ஒன்றுசேர்த்து மனித நாட்டின்மீது ஏவியவர்கள், நிலத்தடியில் வாழும் 'டிரௌ' என்னும் மாய இனத்தார். தடி தூக்கி வந்தவனைக் கண்ட கண், தடியைக் கொடுத்து அனுப்பியவனைக் காணவில்லை. பேருருவன் இக்கதையில் முதலாளி அல்லன், கருவியே. ஆயினும் மாண்டோர் கணக்கில் முந்தி நிற்பவன் அவனே.

வடநாட்டுப் பழங்கதையில் இப்படியில்லை

இப்பேருருவர் எங்கிருந்து வந்தனர்? பனியினரும் தீயினரும் ஸ்காண்டிநேவியப் பழங்கதைகளிலிருந்து வந்தோர். ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'எட்டா' நூலில் அவர்களைக் காணலாம். அங்கும் தேவர்க்கும் பேருருவர்க்கும் ஓயாத பகை உண்டு. ஆனால் அது பங்காளிப் பகை. தேவர் தலைவனாகிய ஓடினின் தாய் பெஸ்ட்லா ஒரு பேருருவன் மகள். தியாசி என்னும் பேருருவனைத் தேவர்கள் கொன்றபோது, அவன் மகள் ஸ்காதி ஆயுதம் பூண்டு நியாயம் கேட்டுத் தனியே வருகின்றாள். தேவர்கள் அவளை வெட்டவில்லை; இழப்பீடு தர இசைந்து, தம்முள் ஒருவனைக் கணவனாகத் தேர்ந்துகொள்ளச் செய்கின்றனர்.

தந்தையை இழந்த மகளுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று எதிரியும் ஒப்புக்கொள்ளும் இந்த இடம், அப்பழங்கதையின் உயர்ந்த இடங்களுள் ஒன்று. ஆட்டத்தை இயற்றியோர் த்ரிம், சுர்ட்டர் முதலிய பெயர்களை எடுத்துக்கொண்டனர். பனியையும் நெருப்பையும் எடுத்துக்கொண்டனர். உறவை மட்டும் விட்டுவிட்டனர். கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு குலங்கள், கொல்வோரும் கொல்லப்படுவோருமாகச் சுருங்கிவிட்டன.

ஏணியும் அதன் முறிவும்

1995-இல் வெளிவந்த 'ஜயண்ட்கிராஃப்ட்' என்னும் நூல் பேருருவர்க்குத் தனி வாழ்க்கையும் சமயமும் சமூக முறையும் வகுத்தது. அம்முறையின் பெயர் 'ஒர்ட்னிங்'. ஸ்காண்டிநேவிய மொழிகளில் ஒழுங்கு என்பது அதன் பொருள். 2014-ஆம் ஆண்டுக் கையேடு இதனைச் சாதி அமைப்பு என்று வெளிப்படையாகவே குறிக்கின்றது. உச்சியில் புயலினர், அடுத்து முகிலினர், தீயினர், பனியினர், கல்லினர், அடியில் குன்றினர். இவ்வொழுங்கை வகுத்தவர் பேருருவரின் தந்தையாகிய அன்னம் என்னும் கடவுள். ஒவ்வொரு குலத்துக்குள்ளும் உட்படிகள் உண்டு. முகிலினருள் செல்வம் மிக்கவன் உயர்ந்தோன். தீயினருள் கொல்லுத் தொழிலிலும் போர்க்கலையிலும் வல்லவன் உயர்ந்தோன். கல்லினருள் சிற்பக் கலையில் தேர்ந்தவன் உயர்ந்தோன். குன்றினருளோ மிகுதியாக உண்பவன் உயர்ந்தோன்! அடிப்படியில் தள்ளப்பட்டவனுக்குத் திறமை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது வயிறு ஒன்றே.

கடவுள் வகுத்தார், பிறப்பினால் வந்தது, படிக்குள் படி உண்டு, அடியில் உள்ளவன் இயல்பிலேயே அழுக்கன், மூடன், பெருந்தீனிக்காரன்: இந்நான்கையும் சேர்த்துப் படிப்போர்க்கு, அமெரிக்க நகரத்து மேசையொன்றில் வருணாசிரம தருமம் புதுச்சட்டை அணிந்து வந்து அமர்ந்திருப்பது புலனாகும். எழுதியோர் மனுவைப் பார்த்து எழுதினர் என்று நாம் சொல்லவில்லை. பிறப்பினால் மக்களை அடுக்கும் நோய் ஒரு நாட்டுக்கே உரியதன்று என்றே சொல்கின்றோம்.

இனி, 2016-இல் வெளிவந்த 'ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்' என்னும் பெருங்கதைக்கு வருவோம். இக்கதையின் தொடக்கம் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கின்றது. அன்னம் தம் மக்கள்மீது வெகுண்டு, தாம் வகுத்த ஒழுங்கைத் தாமே முறித்துவிடுகின்றார். சாதி ஒழிந்தது! கடவுளே ஒழித்துவிட்டார்! அடுத்து என்ன நிகழும்?

நிகழ்வது ஏமாற்றமே. ஐந்து குலத் தலைவர்களும், புதிதாக எழுப்பப்படப்போகும் ஏணியில் மேற்படியைப் பிடிக்கவே ஓடுகின்றனர். குன்றினர் தலைவி கூ என்பாள், உருவத்திற் பெரியவளானால் கடவுளின் அருள் கிட்டும் என்று நம்பி, சுற்றுப்புறத்து உழவரின் விளைச்சலையெல்லாம் கொள்ளையடித்து வரச்செய்து உண்டு பெருக்கின்றாள். நகைச்சுவைக்காக எழுதப்பட்ட பாத்திரம் இது. நமக்கோ நகை எழவில்லை. உண்பதே உன் பெருமை என்று ஒருத்திக்குக் காலமெல்லாம் கற்பித்துவிட்டு, அவள் உண்பதைக் கண்டு சிரிப்பது எவ்வகை நீதி? வீரர்களின் கடமையோ, காணாமற்போன புயலினர் மன்னன் ஹெகாட்டனைத் தேடிக் கண்டு, அவன் அரியணையைக் காப்பது. மேலோன் மீண்டும் மேலே அமர்ந்தால் நாடு அமைதியுறும் என்பதே கதையின் போக்கு. முறிந்த ஏணி மீண்டும் வேண்டுமா என்னும் கேள்வியை வீரர்முன் எவரும் வைக்கவில்லை.

இக்கதையிலும் ஓர் ஒளி உண்டு. ஹர்ஷ்நாக் என்னும் பனிப் பேருருவன், தன் குலத்தாரின் வழியை விட்டு நீங்கி, சிறுமனிதர்க்குத் துணையாக நிற்கின்றான். பனியினர் தீயோர் என்னும் அட்டவணையை அவன் ஒருவனே பொய்யாக்குகின்றான். விதிவிலக்கு ஒன்று இருக்குமாயின், அவ்விதி பிறப்பைப் பற்றியதாக இருக்கவியலாது. வளர்ப்பையும் விருப்பத்தையும் பற்றியதாகவே இருக்க வேண்டும். ஆசிரியர்கள் அறிந்தோ அறியாமலோ இவ்வுண்மையை எழுதிவிட்டனர்.

தொட்டிலில் வந்த குழந்தை

வேறு வகையாகவும் பேருருவரைப் படைக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1978-இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் ஆட்டம், கிரெக் ஸ்டாஃபர்ட் கற்பித்த குளோராந்தா என்னும் உலகைக் களமாகக் கொண்டது. அவ்வுலகில் தொட்டில்களின் ஆறு என்று ஓர் ஆறு உண்டு. பேருருவர் தம் குழந்தைகளைப் பெருந் தொட்டில்களில் இட்டு, செல்வங்களையும் உடன் வைத்து, கடலை நோக்கி மிதக்கவிடுவர். கரையில் வாழும் மனிதரோ அச்செல்வத்துக்காகத் தொட்டில்களைச் சூறையாடினர். 1983-இல் வந்த பேவிஸ் நகர வெளியீடுகளில், நெடுங்காலத்துக்குப் பின் ஒரு தொட்டில் மீண்டும் மிதந்து வருகின்றது. இம்முறை வீரர்கள் அதில் ஏறி, குழந்தையைக் காத்துக் கடலுக்குக் கொண்டுசேர்க்கலாம்.

ஒரு கதையில் பேருருவர் பிள்ளை எண்ணிக்கையில் சேரும் பகை. மற்றொரு கதையில் அதே பிள்ளை காக்கத்தக்க உயிர். உருவம் ஒன்றே, அச்சமும் ஒன்றே. மாறியது கதை சொல்வோரின் நெஞ்சம்.

இன்றைய நிலை

இவ்வாட்டத்தின் வெளியீட்டார் திருந்தவே இல்லை என்று கூறுதல் பொய்யாகும். 2020-இல் அவர்கள், ஆர்க், டிரௌ முதலியோரைப் பிறவித் தீயோராகக் காட்டும் வழக்கத்தினின்று நீங்குவதாக அறிவித்தனர். 2023-இல் பேருருவரைப் பற்றியே ஒரு தனி நூல் வெளிவந்தது. அதில், பேருருவரால் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையாக ஆட்டக்காரர் தம் பாத்திரத்தைப் படைக்க வழியுண்டு. 2024-ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில், பேருருவர் வழிவந்த 'கோலியாத்' என்னும் இனம் முதன்மை இனங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆறு குலங்களுள் எதனையும் முன்னோராகக் கொள்ளலாம். குன்றினர் வழி வந்தோன் என்பதனால் அவன் அறிவோ ஒழுக்கமோ குறைவதில்லை. 1978-இல் வெட்டப்பட்டவனின் பேரன், 2024-இல் வீரனாக மேசைக்கு வந்து அமர்ந்துவிட்டான். இது மெய்யான முன்னேற்றம்.

ஆனாலும் ஒன்று குறைகின்றது. தனி மனிதன் ஏணியிலிருந்து இறங்கி வர வழி செய்தார்கள். ஏணியைச் சாய்க்கும் கதையைப் பெருங்கதையாக இன்னும் எழுதித் தரவில்லை. கீழ்ப்படியில் உள்ளவனுக்கு இரக்கங் காட்டுவது ஒன்று; படி எதற்கு என்று கேட்பது வேறொன்று. சீர்திருத்தக்காரர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

"கற்பனைதானே, இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று கேட்போர் உளர். கற்பனையில் பழகியதே கண்ணுக்கும் பழகுகின்றது. கப்பலேறி வந்தபோதே சாதியைக் கடலில் எறிந்துவிட்டோம் என்று நம்மவர் பலர் மேடையில் முழங்குவர்; பெண் கேட்டு வரும்போதோ, பையன் எந்த வகையினன் என்று மெல்லக் காதோடு விசாரிப்பர். அவர்களும் சிறு வயதில் யாரோ சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவரே.

நல்வாய்ப்பாக, இவ்வாட்டத்துக்கு அச்சிட்ட காவியங்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. இதன் முடிவு நூலில் இல்லை; மேசையில் இருக்கின்றது. கதை நடத்துவோர் விரும்பினால், குன்றினர் தலைவி கூ தன் வயிற்றைப் பற்றியன்றித் தன் மக்களைப் பற்றிப் பேசுவாள். நிலவறையில் கிளர்ந்தெழுந்த அடிமைகள் வீரர்க்குத் தோழராவர். முறிந்த ஏணியைக் கண்ட ஆறு குலத்தாரும் வட்டமாக அமர்ந்து, இனி எப்படி வாழ்வது என்று கலந்து பேசுவர். இதற்கு எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை. தடை விதிக்க எந்த அரசாங்கமும் வாராது.

ஆதலின், வார இறுதியில் இவ்வாட்டத்துக்காகக் கூடும் நம் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே: ஆடுங்கள். பகடை உருட்டுங்கள். ஆனால் பேருருவன் ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது, வாளை உருவுமுன் அவன் பெயரைக் கேளுங்கள். அவனை அங்கு நிறுத்தியவர் யார் என்றும் கேளுங்கள். விடை சொல்ல வேண்டிய கடமை கதை நடத்துவோருக்கு உண்டு.